ஜீப்பில் நடந்த அப்பா

"சர்க்கரை ஏறியிருக்கு, தினமும் நடங்க" என்று டாக்டர் அப்பாவிடம் சொன்ன அந்த நொடியிலேயே எனக்கு யோசனை பளிச்சிட்டது. ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச்! (யோசனை வந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அது என் வியாதி.)

அப்பா ஜீப் டிரைவர். எங்கள் ஊர் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிவருவார். "நாள் பூராம் ஸ்டேரிங்ல கெடக்குறவன் எங்கிட்டுத்தா போயி நடக்க?" என்றவரின் கையில் வாட்சைக் கட்டி, இருவர் செல்லிலும் ஒரே ஆப்பைப் போட்டு, நடைப்போட்டியிலும் சேர்த்துவிட்டேன்.

அன்று மாலையே என் செல் அதிர்ந்தது. "அப்பா உங்களை முந்திவிட்டார்!" கூடவே ஒரு தங்கக் கோப்பைப் படம்.

சந்தோஷப்பட வேண்டிய மகள் கொதித்துப்போனேன். மறுநாளும் அதே கதை. "மனம் தளராதீர்கள்" என்று ஆறுதல் வேறு! பல் விளக்கிக்கொண்டே நடந்தேன், சாப்பிட்டுக்கொண்டே நடந்தேன். செல் சும்மா கிடந்தாலும் அதிர்வதுபோலவே இருந்தது.

"ஏன்டி, நீ இங்கனயும் அங்கனயும் அலையிறதுல எனக்குத் தலை சுத்துது" என்றார் அம்மா.

அப்பாவோ கோப்பை கிடைக்கும்போதெல்லாம் தனக்குத்தானே அல்வா வாங்கிக்கொண்டார். "செல்லே பாராட்டுது, டாக்டரு என்ன சொல்றது!" நானும் தலையாட்டினேன். (படித்தவள்.)

ஒரு நாள் பொறுக்க முடியாமல், மலைச்சாலையில் நடந்தே ஏறி அப்பாவை வென்றுவிடுவதென்று கிளம்பினேன். முதல் கொண்டையூசி வளைவைத் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். "நீண்ட நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள்" என்றது செல். அழுதேவிட்டேன்.

அப்போதுதான் அப்பாவின் ஜீப் வந்தது. "என்னாத்தா, இங்கன உக்காந்திருக்க?"

நொண்டிக்கொண்டே ஏறி, தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டேன். தோட்டத்து மண்பாதையில் ஜீப் குலுங்கத் தொடங்கியதுமே என் மணிக்கட்டில் ஒரே துள்ளல். "அபாரம்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!"

என் கையைப் பார்த்தேன். பிறகு, கிடுகிடுவென்று ஆடும் ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தேன்.

ஜீப்பின் குலுக்கலை வாட்ச் நடையாக எண்ணுகிற விஷயத்தைச் சொன்னதும் பக்கத்திலிருந்த முருகாயி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நாங்கள்லாம் இத்தன வருசமா மலைக்கு நடந்தா வந்துக்கிட்டிருக்கோம்! டிரைவரண்ணே, எங்க கோப்பை எங்க?"

அப்பா சிரிக்கவில்லை. முன்னாலிருந்த அல்வாப் பொட்டலத்தின்மேல் துண்டைப் போட்டு மூடினார். "அப்ப நான் நடக்கவே இல்லயாத்தா?"

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் கூடியிருந்தது. எங்கள் வீட்டில் உண்மையாக ஏறியது அது ஒன்றுதான். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்; எனக்குத்தான் கசந்தது.

இப்போது யாராவது அப்பாவைத் தேடி வந்தால் அம்மா வாசலிலேயே சொல்லிவிடுகிறார்: "அவுகளா? உக்காந்து நடக்கப் போயிருக்காக."

நாளைக் காலை ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அப்பாவும் நானும் காலால் நடக்கப்போகிறோம். இரண்டு வாட்சும் ஜீப்பிலேயே இருக்கும். (என்ஜினை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.)