சென்ட் கம்பெனி ரேட்டில் போன ஓய்வுக்காலம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் மட்டும்தான் வேலை செய்யும். காது, கண், மூளை எல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கோபத்தில்தான் என் ஓய்வுக்காலத்தை நானே ஏலம் போட்டு விற்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான ஏலம்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எனக்கு ஒரு கமிஷன் கடை. விவசாயிகள் மல்லியும் பிச்சியும் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் தொண்டை கிழிய ஏலம் கூறி வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுப்பேன். விடியும் முன் எழுந்து ஓடும் பிழைப்பு. ஈரத் தரையில் நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டன. பென்ஷனா? பூக்கடைக்காரனுக்கு எவன் தருவான்? அறுபது வயதில் கடையை விட்டுவிட வேண்டும், வெயில் மூஞ்சியில் அடிக்கும்வரை தூங்க வேண்டும். என் மொத்த ஆசையும் அவ்வளவுதான். (சின்ன ஆசைதான். அதையும் கெடுத்துக்கொள்ளத் தனித் திறமை வேண்டும்.)

அந்தத் தூக்கத்துக்கு வழி பார்த்தவள் என் மனைவி பேச்சியம்மாள். மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கிறவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் சண்முகம் என்பவர் பங்கு புரோக்கர் ஆபீஸ் வைத்திருந்தார். மாதாமாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் வயதான காலத்துக்கு ஆகும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். ஆளுக்கொரு கணக்கு.

சண்முகம் என்னைவிட இளையவர், ஆனால் பயந்த மனிதர். தன் ஆபீஸ் மாடிப்படியையே கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சீக்கிரம் பணம் பெருக வழி கேட்டால் ஃபேனைப் பார்ப்பார்.

"எம் மச்சினன் ஆறு மாசத்துல ரெட்டிப்பு ஆக்கிட்டான். நீரு என்ன வே, நத்தையா மேய்க்கீரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு எங்கன போட்டாரோ, நீங்களும் அங்கனயே போடலாம் அண்ணாச்சி" என்றார், ரொம்ப மரியாதையாக.

வந்த கிராக்கியை வாசல் காட்டி அனுப்பும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, பூவை மதியத்துக்குள் விற்றுவிட வேண்டும். விற்காமல் நின்ற பூவை சென்ட் கம்பெனிக்காரன் அள்ளிக்கொண்டு, அவன் கொடுப்பதைக் கொடுப்பான். இரண்டு, மூணு தரம் சொல்லிவிட்டால் ஏலம் முடிந்தது. ராயகிரி கருப்பசாமி என்ற வியாபாரி ஒருமுறை தும்முவதற்காகக் கையைத் தூக்கினார். நான் அதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டு ஒரு மூட்டை கனகாம்பரத்தை அவர் தலையில் கட்டினேன். "தும்முனேன் அண்ணாச்சி" என்று கெஞ்சினார். "தும்மினாலும் ஏலம் ஏலம்தான்" என்றேன். அவ்வளவு நேர்மை எனக்கு.

பணம் கட்ட ஆரம்பித்து நாலைந்து வருஷம் இருக்கும். முகூர்த்தம் இல்லாத ஓர் ஆடி நாள். மல்லி விலை படுத்துவிட்டது, பாதிச் சரக்கு சென்ட் கம்பெனிக்குப் போனது. அந்த எரிச்சலோடு போனைத் திறந்தால் பங்குச் சந்தையும் விழுந்து கிடக்கிறது. என் கணக்கில் போன வாரம் பார்த்த தொகை இல்லை. போட்டது முழுக்கப் போய்விடும் என்று தோன்றிவிட்டது. ஈர வேட்டியோடு கிளம்பி அந்த மாடிக்கு ஏறினேன்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏ சண்முகம்! எல்லாத்தையும் வித்துப்போடும். இப்பமே!"

"உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்கவா மாடி ஏறி வந்தேன்? மதியத்துக்குள்ள தள்ளலைன்னா அழுகிரும் வே!"

"இது அழுகாது அண்ணாச்சி. இன்னைக்கு வித்தா நஷ்டம்லா. ரெண்டு நாள் யோசிச்சிட்டு…"

யோசிப்பதா? நான் சுற்றிப் பார்த்தேன். சரக்கு என்னிடம் இருக்கிறது, வாங்க வந்த ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இந்த ஆள் எதற்கு? அங்கே கிடந்த ஸ்டூலில் ஏறி நின்றேன்.

"நல்ல சரக்கு! நாலு வருசத்துச் சரக்கு! வாடல் இல்ல, அழுகல் இல்ல! யாரு கேக்கிய?"

கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் நிமிர்ந்தார். "இப்பதான அழுகிரும்னீரு?"

"நீரு கேக்கதுன்னா கேளும். இல்லைன்னா சும்மா இரும்!"

"ஐநூறு ரூவா" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எவ அது, சென்ட் கம்பெனி ரேட்டுக்குக் கேக்கது?"

"நாந்தான்."

பேச்சியம்மாள். மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விலை விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகப் போட வந்திருக்கிறாள். (பூ விலை விழுந்த நாளில் இரண்டு கூடை சேர்த்து வாங்குகிறவள்தான் அவள்.)

"ஏட்டி, வெளாடுதியா?"

"நீங்கதான ஏலம் கூறுதிய? சரக்கு படுத்துக் கெடக்கு, கேக்கேன். தருவியளா, மாட்டியளா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். நான் இறங்குகிற ஆளா? அவளைப் பயமுறுத்துவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு தரம்!" என்றேன். அவள் அசையவில்லை. "ரெண்டு தரம்!" சண்முகம் எழுந்து, "வேண்டாம் அண்ணாச்சி" என்றார். அவர் வேண்டாம் என்றதாலேயே, "மூணு தரம்!" என்று கத்திவிட்டேன்.

கடைசி நாற்காலியில் இருந்து ஒருவர் கைதட்டினார். ராயகிரி கருப்பசாமி!

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. மதினி எடுத்தாச்சு. நான் தும்முனதுக்கே கனகாம்பரம் சொமந்தேன். நீரு தொண்டையத் தொறந்துல்லா கூறியிருக்கீரு!"

விறைப்பாக இறங்கிப் போய்விடலாம் என்று பார்த்தால் முட்டி பிடித்துக்கொண்டது. சண்முகமும் வாத்தியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோயில் சப்பரத்தை இறக்குவதுபோல் என்னை இறக்கினார்கள்.

மறுநாள் நான் போவதற்குள் சேதி மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. சொன்ன சொல்லை மாற்றினால் இனி என் ஏலத்தில் எவன் நிற்பான்? ஏலம் போட்டு ஃபண்டை அவள் பெயருக்கு மாற்ற முடியாது என்று சண்முகம் சொல்லிவிட்டதால், முறைப்படி எழுதிக் கொடுத்து நஷ்டத்தில் விற்றேன். பணம் வந்ததும் மொத்தத்தையும் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஐநூறு ரூபாயைப் பத்துப் பத்தாக எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரமே எல்லாவற்றையும் தன் கணக்கில் போட்டுவிட்டாள். பிறகு விலை ஏறியது. எவ்வளவு ஏறியது என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

அந்தக் கோபத்தைப் பின்னால் உரித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் பயம்தான் இருந்தது. காலையில் வந்து மதியம் சாகிற சரக்கையே ஆயுசு முழுக்கக் கையில் பிடித்தவன் நான். நாளைக்கும் இருக்கும் என்று ஒரு பொருளை நம்பி ஓரமாக வைத்த பழக்கமே எனக்கு இல்லை. முதல்முறையாக வைத்தேன், அதையும் மோந்து பார்த்து மோந்து பார்த்தே கெடுத்தேன். அவளும் அதே பூவில் பிழைக்கிறவள்தான். அவளுக்கு மட்டும் அந்தப் பயம் ஏன் இல்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இருந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ என்னவோ.

வருகிற பங்குனியில் எனக்கு அறுபது. போன வாரம் மகள் கோமதி வந்திருந்தபோது, "முட்டி தாங்கல, கடைய விட்டுரலாம்னு பாக்கேன்" என்றேன். அவள் அடுக்களையைப் பார்த்துக் கத்தினாள்:

"எம்மா! ஐநூறு ரூவா சரக்கு ரிட்டயர் ஆகணுங்குது!"

பேச்சியம்மாள் நின்று நிதானமாகக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "பங்குனி வரைக்கும் போகச் சொல்லு. பொறவு வெயில் மூஞ்சில அடிக்க வரைக்கும் தூங்கட்டும். அதுக்கு இருக்கு."

இருக்கிறதாம். எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த வீட்டில் யாராவது விலை கேட்டுவிடுவார்கள்.