கண்ணீர் ஐயாவின் மிதக்கும் முட்டை

கடற்கரையில் நிற்க இடமில்லை. கடலைப் பார்க்க அங்கே யாரும் வரவில்லை. தகரக் கொட்டகைக்குள் ஒரு முட்டையைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணீர் ஐயா ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்திருந்தார். மனிதர்கள் பாவம் செய்துவிட்டு அழுத கண்ணீர்தான் கடலாம், அதனால்தான் கரிக்கிறதாம். ஜாடியில் இருக்கும் கடல் தண்ணீரில் நோயாளி விரல் வைக்க வேண்டும். ஐயா அதில் முட்டையை விடுவார். மிதந்தால், உடம்பில் பாவம் இருக்கிறது. ஜாடி திரைக்குப் பின்னால் போகும், ஐயா முணுமுணுப்பார், ஜாடி திரும்பி வரும். இப்போது முட்டை மூழ்கும். பாவமும் போச்சு, நோயும் போச்சு! வசதியுள்ள சிலருக்கு மட்டும் லேசில் மூழ்காது. அவர்கள் பாவம் ரொம்பக் கெட்டியாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, மூழ்கும்வரை காணிக்கையோடு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கெட்டிப் பாவிகளில் ஒருவர், மீட்டரம்மாவின் அண்ணன். மீட்டரம்மா துறைமுகத்துத் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தினமும் படகில் போய்க் கருவியின் முனையைக் கடலில் இறக்கி, உப்பு எவ்வளவு என்று குறித்து வருவாள். அண்ணன் லேத் பட்டறை வைத்திருப்பவர். பிரஷர் மாத்திரையை நிறுத்தி இருபது நாள் ஆகிறது. முந்தாநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றிச் சாய்ந்தார். நல்லவேளை, பின்பக்கமாகச் சாய்ந்தார். அண்ணி போனில் சொல்லி அழுதாள். மீட்டரம்மா கருவியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

அண்ணி பக்கத்தில் நிற்க, அண்ணனின் முட்டை அன்றும் ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. மீட்டரம்மா யாரையும் கேட்காமலே கருவியின் முனையை ஜாடிக்குள் விட்டாள். உப்பு கூடக் கூடத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும்; அதை வைத்து அளக்கிற கருவி அது. அந்தக் கடலில் கிலோ தண்ணீருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு காட்டும். இங்கே தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கீச்சிட்டது.

ஐயா அசரவில்லை.

"மெஷினுக்குப் பாவத்தைப் பத்தி என்ன தெரியும், தாயே?"

கூட்டம் சிரித்தது. மீட்டரம்மா அங்கே கிடந்த ஒரு வாளியை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்களே போய்க் கடல்ல மொண்டுட்டு வாங்க. கையை நல்லா முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குங்க."

அண்ணன் கொண்டுவந்தார். ஜாடியில் மிதந்த அதே முட்டையை எடுத்து, அவள் வாளியில் விட்டாள். நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நல்ல முட்டை கடல் தண்ணீரில் மூழ்கத்தான் செய்யும். மிதக்க வேண்டுமென்றால் உப்பு மூன்று மடங்காவது வேண்டும் என்றாள் அவள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு முட்டையைக் கடல் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. ஐயாவின் முதலீடே அதுதான்.

தன் பார்வை பட்டுக் கடலே சுத்தமாகிவிட்டதாக ஐயா ஆரம்பித்தார். அதற்குள் அண்ணி திரையை இழுத்துவிட்டாள். அங்கே பாதி காலியான உப்பு மூட்டை ஒன்று, அச்சு அசலாக அதே மாதிரி இரண்டாவது ஜாடி, அது நிறையக் குழாய்த் தண்ணீர்!

"அப்ப கடல் ஏம்மா கரிக்குது?" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

"மழை பாறையைக் கரைக்குது. ஆறு அதைக் கொண்டுவந்து கடல்ல சேர்க்குது. கடலுக்கு அடியிலேருந்தும் கொஞ்சம் வருது. வெயில் தண்ணியை மட்டும் தூக்கிட்டுப் போகுது, உப்பை விட்டுட்டுப் போகுது. கோடிக்கணக்கான வருஷமா இதான் நடக்குது. நீங்க அழுது ஒண்ணும் கரிக்கலை. முதல்ல அண்ணி கொண்டுவந்த இந்த மாத்திரையைப் போடுங்க."

அண்ணன் தலை குனிந்தபடி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் மீட்டரம்மாவுக்குக் கண் கலங்கியது.

துடைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே புதிதாக ஒரு வரிசை. ஐயாவை விட்டுவிட்டு எல்லோரும் அவள் முன்னால் நின்றார்கள். முதலில் நின்ற பெரியவர் பயபக்தியோடு விரலை நீட்டினார்.

"அம்மா, உங்க மெஷின்ல என் பாவம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க."

மீட்டரம்மா கருவியைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"இது தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னுதான் பாக்கும், பெரியவரே. தலைக்குள்ள மூளை எவ்வளவு இருக்குன்னு அவங்கவங்கதான் பாத்துக்கணும்."