வளையல் டீச்சரின் முன்பதிவு நோட்டு

பிறப்பதற்கு முன்பே ஒரு குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் பிடித்து வைத்த ஆசிரியை இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் வேலை பார்க்கிறார். அவருடைய பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வளையல் டீச்சர் என்று சொன்னால் போதும். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, வயலாக இருந்து மனையாகி, மனையான பிறகு வீடாக மறந்துபோய்ப் புல் முளைத்துக் கிடக்கிற எங்கள் பக்கத்தில், ஆடு மேய்ப்பவர்கூடக் கோலை நீட்டி வழி காட்டுவார்.

அவருடையது அரசுத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஒரு புங்க மரம், இரண்டு ஆசிரியைகள். அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது பயிற்சிக்குப் போயிருப்பார். இன்னொருவர் வளையல் டீச்சர்; தலைமை ஆசிரியை அவர்தான். காலை ஏழரைக்குத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து, தெருவைப் பெருக்கி வாரிக்கொண்டு போவதுபோலக் குழந்தைகளை வாரிக்கொண்டு போய்விடும். வேன் போன பிறகும் புழுதி அடங்காது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து நடந்து வருகிறவர்கள்தான் இவருடைய மாணவர்கள்.

நான் அவரிடம் சிக்கியது ஒரு வார இதழால். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கல்வியாளர் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். நான் எழுதிய எதையோ யாரோ பொட்டலம் கட்டிக் கொடுக்க, அதில் என் படத்தைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். நான் கல்வியாளர் இல்லை, கவிதை மாதிரி ஏதோ எழுதுகிறவன் என்றேன். "எழுதப் படிக்கத் தெரியும்ல சார்? அது போதும். கையெழுத்துப் போடுங்க" என்றார். அன்றிலிருந்து நான் கல்வியாளர்.

வளையல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வருஷமே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஐந்து வயதுக் குழந்தையைத் தேடிப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு வேன் நிற்கிறது. நான்கு வயதில் போனால் எல்.கே.ஜி. சீருடை கொடியில் காய்கிறது. மூன்று வயதில் போனால் கட்டணம் கட்டியாயிற்று என்கிறார்கள். ஆக, வேன்காரன் நுழைய முடியாத இடத்துக்கு முதலில் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படிப்பட்ட இடம் வளைகாப்பு.

எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் அழைப்பில்லாமல் போவார். பையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு டஜன் கண்ணாடி வளையல், ஒரு நீள நோட்டு. வரிசையில் நின்று, சந்தனம் பூசி, வளையல் போட்டு, மற்ற பெண்களைப் போல நகர்ந்துவிட மாட்டார். அப்படியே குனிந்து வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "கண்ணு, அஞ்சு வயசு ஆனதும் ஜூன் மாசம் நம்ம பள்ளிக்கூடம். லேட்டா வராதே, சரியா?" என்பார். பிறகு நிமிர்ந்து நோட்டைத் திறந்து பதிவு செய்வார். பெயர் என்ற இடத்தில் 'வந்தவுடன்'. ஆணா பெண்ணா என்ற இடத்தில் 'எதுவாயினும்'. ஒரு வீட்டில் ஸ்கேனில் இரட்டை என்று சொல்லியிருந்தார்கள். அன்று பெற்றவர்களைவிட டீச்சர்தான் அதிகம் இனிப்பு சாப்பிட்டார்.

பக்கத்துப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் கூடும் மாதக் கூட்டத்தில், மாணவர் சேர்க்கைக்கு என்ன புதுமை செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்களாம். பேரணி, துண்டுப் பிரசுரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி என்று எல்லாரும் சொன்னார்கள். இவர் நோட்டை எடுத்துக் காட்டினார். கூடம் சிரித்து உருண்டது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் முன்பதிவு உண்டா என்று ஒருவர் கேட்டார். ஜாதகம் பொருந்தியதும் சொல்லி அனுப்புங்கள் என்று இவர் மிகுந்த பொறுப்போடு பதில் சொல்லி, அவருடைய கைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டார்.

வெறும் தலை எண்ணுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வகுப்பில் மூன்றாம் வகுப்புக் குழந்தை வாசிக்கும். எதைக் கொடுத்தாலும் வாசிக்கும். வெள்ளிக்கிழமை மாலை அவர்களைத் தெருவில் இறக்கிவிடுவார். பாடப் புத்தகம் கூடாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அந்த வீட்டில் எழுத்தாக என்ன இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிச் சத்தமாக வாசிக்க வேண்டும். மின்கட்டண அட்டை, மாத்திரைப் பட்டை, கல்யாணப் பத்திரிகை. ஒரு பெரியவர் இரண்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை போன வருஷமே காலாவதி ஆனது என்று தெருவுக்கே தெரிந்தது. ஒரு பத்திரிகையில் சித்தப்பா பெயர் விடுபட்டிருப்பதை ஒரு பெண் நிறுத்தி நிதானமாக வாசித்துக் கண்டுபிடிக்க, அந்தக் கல்யாணத்தில் சித்தப்பா கடைசி வரை சாப்பிடவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் தாமுவுக்கும் அவருக்கும் யுத்தம் மூண்டது. தாமு எங்கள் தெருவிலேயே பிறந்து, அதே பள்ளியில் படித்து, இப்போது மஞ்சள் வேன் ஓட்டுகிறவன். வாசிக்க வேறொன்றும் அகப்படாத ஒரு சிறுமி அவன் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை ஆங்கிலத்திலேயே வாசித்தாள். எஃப்.சி. தேதி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று முடிகிற நாள். வாசித்ததோடு விடாமல் விரல் விட்டு எண்ணி, அது முடிந்து நாற்பது நாள் ஆகிறது என்றும் அறிவித்தாள்.

தாமு பனியனோடு ஓடி வந்தான். "இன்னா டீச்சர், புள்ளைங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கறீங்களா, இல்ல ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"உன் பொண்ணும் அந்த வண்டியிலதானே போறா தாமு? அவளுக்காகவாவது எஃப்.சி. காட்டிட்டு வா" என்றார் டீச்சர்.

மறுநாள் அவன் எஃப்.சி.க்குப் போனான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், பள்ளியைக் கடக்கும்போது மட்டும் வேண்டுமென்றே ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

போன பிப்ரவரியில் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். பிள்ளைகள் மிகவும் குறைந்துவிட்டார்கள், ஜூனில் புதிதாகச் சேராவிட்டால் இந்தப் பள்ளியை அடுத்த பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்றார். அடுத்த பள்ளி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் மூச்சு விடாமல் ஓடுகிற சாலை. பெரியவர்களே ஓடித்தான் கடப்போம். ஆறு வயதுக் குழந்தை எப்படிக் கடக்கும்?

டீச்சர் பதறவில்லை. நோட்டை எடுத்து முதல் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார். "பதினோரு பேர் வர்றாங்க சார்."

அலுவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். செல்வியின் முதல் குழந்தை, பெயர் வந்தவுடன். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை. "இது எந்த வருஷத்துப் பதிவும்மா?" என்றார் தயங்கி.

"நான் இங்க வந்த மொத வருஷம் போட்டது. எல்லாருக்கும் இந்த ஜூன்லதான் அஞ்சு வயசு முடியுது."

அவர் மூன்றாம் முறையாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஜூன் கடைசியில் தாமே வந்து தலை எண்ணுவதாகச் சொல்லிப் போனார்.

மே மாத வெயிலில் நானும் டீச்சரும் விண்ணப்பங்களோடு வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள். குழந்தை எங்கே என்று கேட்டதற்கு, அது அரக்கோணத்தில் அல்லவா இருக்கிறது என்றார்கள். இரண்டாவது வீட்டில் காஞ்சிபுரம். மூன்றாவது வீட்டில் நுங்கும் கொடுத்து, செங்கல்பட்டு என்றார்கள். டீச்சர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். டீச்சருக்குச் சொந்த ஊர் பூந்தமல்லிப் பக்கம். அவர் வீட்டு வழக்கத்தில் வளைகாப்பு புருஷன் வீட்டில் நடக்கும். முடிந்த பிறகுதான் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். எங்கள் தெருவில் பெண்ணை முதலிலேயே தாய் வீட்டுக்குக் கூட்டிவந்து, இங்கேயே வளைகாப்பை நடத்திவிடுவார்கள். புதிதாக வந்திருந்த டீச்சர், வளையல் போட்ட கையெல்லாம் இந்த ஊர் மருமகள்களின் கை என்று நினைத்துவிட்டார். பதினொன்றில் ஏழு, இந்த ஊர் மகள்களின் கை. பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் ஊருக்குப் போய்விட்ட கை. அடுத்தடுத்த வருஷங்களில் வழக்கம் புரிந்து, விசாரித்து விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார். முதல் வருஷப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் அந்தக் குழந்தைகள் இங்கே வரும்போது தெருவில் பார்த்து, நன்றாக வளர்கிறார்கள் என்று சந்தோஷம் வேறு பட்டிருக்கிறார்.

பள்ளிப் படியில் வந்து உட்கார்ந்தார். தூரத்தில் ஆவடி ரயில் ஒன்று போய், அதன் சத்தமும் போன பிறகு சொன்னார்: "வயித்தைப் பார்த்தேன் சார். பொறக்கற நாளைக் கேட்டேன். அட்ரஸ் கேக்கணும்னு தோணவேயில்லை."

மறுநாள் அவர் செய்த காரியம் அவரால் மட்டுமே முடியும். ஏழு பெண்களின் எண்களையும் வாங்கி ஒவ்வொருவராக அழைத்தார். கெஞ்சவில்லை. முன்பதிவை ரத்து செய்ய அனுமதி கேட்டார். உங்கள் பிள்ளைக்கு இங்கே ஓர் இடம் வைத்திருந்தேன், அங்கேயே நன்றாகப் படிக்கட்டும், கேட்காமல் பெயரை அடிப்பது முறையில்லை, அதனால் கேட்கிறேன் என்றார். அரக்கோணத்துச் செல்வி, தாமுவின் தங்கை, திடீரென்று இப்போது எதற்கு டீச்சர் என்று துருவியதில் பள்ளி விஷயம் வெளியே வந்துவிட்டது. அவளும் அந்தப் பள்ளியில்தான் படித்தவள். "அடிக்காதீங்க டீச்சர். எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றாள்.

இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரத்திலும் நடக்கவில்லை. பள்ளி திறந்த அன்று, உறுதியாக இருந்த நான்கு குழந்தைகள் வந்து அழுதுகொண்டு உட்கார்ந்தன. டீச்சர் வாசலைப் பார்த்தபடியே 'அ' எழுதிப்போட்டார்.

நான்காம் நாள் காலை மஞ்சள் வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. ஹாரன் இல்லை. வேனுக்குள் வேறு பள்ளிச் சீருடையில் இருபது முகங்கள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தன. தாமு முன் சீட்டிலிருந்து தன் மகளை இறக்கினான். இரட்டைச் சடை, கையில் தண்ணீர் பாட்டில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தான்.

"என் தங்கச்சி பண்ற அராத்து தாங்கல டீச்சர். ஆவணியில அவ புள்ளைக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். இன்னா சீர் செய்யணும்னு கேட்டா, நகை வாணாம், துணி வாணாம்ன்றா. 'என் புள்ளைய உன் மடியில ஒக்கார வெக்கணும்னா, மொதல்ல உன் புள்ளைய அந்த ஸ்கூல்ல ஒக்கார வை'ன்றா. நானும் பதினஞ்சு நாளா மல்லுக்கட்டிப் பார்த்துட்டேன். நைனாவும் அவ பக்கம் சாஞ்சிட்டாரு. ஊட்ல எனக்குச் சோறு போட ஆள் இல்ல."

டீச்சர் அவனைப் பார்த்தார். "அப்ப வேன் வேலை தாமு? அங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"ஓட்டறது பொழப்பு டீச்சர். இது சீரு." சொல்லிவிட்டு, மகளின் தோளில் கை வைத்து லேசாக முன்னால் தள்ளினான். "நல்லாப் படிக்க வையுங்க. எஃப்.சி. தேதி மட்டும் வாணாம்."

செல்வி மற்ற பெண்களோடும் பேசியிருக்கிறாள். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று அண்ணன்மார்களும் ஒரு தம்பியும் ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடன்காரன் முகத்தோடு வந்து நின்றார்கள். ஏழாவது பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. ஆறாமவளின் அண்ணன் எஸ்டேட்டில் இரவு ஷிப்டைக் காரணம் காட்டி இன்றுவரை நழுவிக்கொண்டிருக்கிறான். அவன் மேல் தெருவில் ஒரு கண் இருக்கிறது.

ஜூன் கடைசியில் அலுவலர் வந்தார். புதிதாகச் சேர்ந்த தலைகளை எண்ணினார். ஒன்பது. பதினொன்று என்று சொன்னீர்களே என்றார். டீச்சர் நோட்டை நீட்டி, நடந்த தப்பை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். மருமகள் எது, மகள் எது, மாமன் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, அலுவலர் முதலில் குழம்பினார், பிறகு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த ஒன்பது பேரையும் மறுபடி ஒரு முறை பார்த்தார். பள்ளி இங்கேயே இருக்கட்டும் என்று எழுதி அனுப்புகிறேன் என்றார். அன்று அவர் தண்ணீரே குடிக்கவில்லை.

மாலை பள்ளி விட்டதும் கையெழுத்துப் போடப் போனேன். கல்வியாளர் அல்லவா. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் மட்டும் இருந்தார். குழந்தைகளின் குட்டை மேஜையில் கன்னத்தை வைத்து, கையில் பிடித்த சாக்பீஸோடு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து தூங்காத தூக்கமாக இருக்க வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. எஸ்டேட் ஷிப்டு முடிந்து திரும்புகிற நேரம் அது. ஒவ்வொருத்தனும் ஹாரனில் கை வைத்துத்தான் அந்த முனையில் திரும்புவான். நான் வெளியே வந்து, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெரு நடுவில் நின்று, வருகிற வண்டிகளையெல்லாம் கை காட்டி மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.