இருபது வீட்டுச் சர்க்கரை

கஷாயம் குடிக்க ஆரம்பித்த பதினைந்தாம் நாள், இருபது வீட்டிலும் சர்க்கரை ஏறியிருந்தது.

இறங்க வேண்டியது ஏறி நிற்பதைப் பார்த்து இலை சார் நோட்டை இரண்டு முறை சரிபார்த்தார். அவர் மூலிகை ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக உதவியாளர். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அது பலிக்கிறதா இல்லையா என்று பார்த்து வர நிலையம் அவரை அனுப்பியிருந்தது. வீட்டுக்கு ஒரு நோயாளி, நோயாளிக்கு ஒரு மெஷின். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் மெஷின் அளவைக் காட்டும், ஞாபகமும் வைத்துக்கொள்ளும். ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கி, வீடு வீடாகப் போய் அந்த அளவைக் குறித்துக்கொள்வதுதான் இவர் வேலை. இலை சார் என்பது ஊரார் வைத்த பெயர். சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால், "நீங்க வேற எங்கயாவது முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்று இயக்குநர் மிக மென்மையாகச் சொல்லியிருந்தார்.

மனைவிக்கு அந்த மென்மையெல்லாம் வராது. "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாச்சான்னு எங்கப்பா ஆறு வருஷமா கேக்கறாரு. நானும் ஆயிட்டே இருக்குப்பான்னு சொல்லிட்டே இருக்கேன். எனக்கே வெக்கமா இருக்கு."

இலை சார் நேரே ஏழாம் வீட்டு மாமாவிடம் போனார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

"மாமா, கஷாயம் ஒழுங்கா குடிக்கறீங்களா?"

"ஒரு வேளை தவறல தம்பி."

"அப்புறம் ஏன் முந்நூறு காட்டுது?"

"கசக்குதே. மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டாத்தான் தொண்டைக்குள்ள இறங்குது."

இலை சார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சர்க்கரைக்குக் குடிக்கற மருந்துல சர்க்கரையா மாமா?"

"அதான் கூடவே மருந்தும் போகுதுல்ல. அது பாத்துக்கும்."

விசாரித்துப் பார்த்ததில் இருபது வீட்டிலும் இதே கதைதான். அன்றைக்கே, கஷாயத்தில் யாரும் சர்க்கரை போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரும் கண்டிப்பாகத் தலையாட்டியது. மறுநாள் முதல் தெருச் சாக்கடை பச்சையாக ஓடியது. அந்தச் சாக்கடைக்குச் சர்க்கரை வியாதி இருந்திருந்தால் ஒரே வாரத்தில் குணமாகியிருக்கும்.

இலை பறித்துத் தருவது மருந்துக்காரம்மா. அவருக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய மரியாதை கிடையாது.

"இலை பாதி வேலைதான் சார் செய்யும். மீதிப் பாதிக்கு வாயைக் கட்டணும். வாயைக் கட்டற இலை எங்கிட்ட இல்ல" என்றார்.

இதை அப்படியே அறிக்கையில் எழுதினால் வேலை போய்விடும். எனவே இலை சார் ராத்தூக்கத்தைத் தொலைத்து ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஒரு வாரம் முழுக்க நூறைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு டேபிள் ஃபேன்.

நிலையம் ஒப்புக்கொண்டது. வெயில் காலம் வேறு. ஊர் சுறுசுறுப்பானது.

அடுத்த வாரம் மெஷின்களைப் பார்த்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல் வீடு எண்பத்தெட்டு. இரண்டாம் வீடு தொண்ணூறு. முந்நூறில் நின்ற ஏழாம் வீட்டு மாமா எண்பத்தொன்பது.

"எப்படி மாமா?"

"நீங்க சொன்னபடிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு மாமா வானத்தைப் பார்த்தார். அடக்கமான மனிதர் என்று இலை சார் நினைத்துக்கொண்டார்.

ஆனால் சந்தோஷம் பதிமூன்றாம் வீட்டோடு நின்றுபோனது. அதற்கு முந்தைய பன்னிரண்டு வீடும் தொண்ணூறை ஒட்டி இருக்க, பதிமூன்றிலிருந்து இருபது வரை எல்லாமே நூற்று முப்பது. பன்னிரண்டு வீட்டில் ஃபேன் சுற்றியது. மீதி எட்டு வீடும் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"நாங்க மட்டும் என்ன சார் பாவம் பண்ணோம்?"

கேட்டதும் நியாயம்தான். ஒரே இலை, ஒரே கஷாயம், பாதித் தெருவுக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை? இயக்குநரிடம் போனில் கேட்டார்.

"மண்ணைப் பாருங்க" என்றார் இயக்குநர். "மண் மாறினா தண்ணி மாறும். தண்ணி மாறினா கஷாயம் மாறும். இது பெரிய கண்டுபிடிப்பா வரும் போலிருக்கே."

மறுநாள் இலை சார் முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் கரண்டியும் பிளாஸ்டிக் பைகளுமாக வந்து இறங்கினார். அவரை அவ்வளவு காலையில் கண்டதும் தெருவே கொஞ்சம் பரபரப்பானது. பதிமூன்றாம் வீட்டு வாசல்படியில் பால்காரர் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைக் கொஞ்சம் நகர்த்துங்க. மண் எடுக்கணும்."

"எதுக்கு சார்?"

"இந்த வீட்டுலேர்ந்துதான் சர்க்கரை ஏறுது. மண்ணுல ஏதோ இருக்கு."

பால்காரர் கையிலிருந்த டீ டம்ளரை ஒரு முறை பார்த்தார். "இருந்தாலும் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுக் காலை நகர்த்திக்கொண்டார்.

பதிமூன்றாம் வீட்டிலிருந்து தொடங்கும் மேற்குப் பக்க மண்ணில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தது. சுண்ணாம்பு, இலையின் வீரியத்தைக் குறைக்கிறது என்று முப்பது பக்கத்துக்கு அறிக்கை போனது. இயக்குநர் அதில் தன் பெயரை முதலிலும் இலை சார் பெயரை அடிக்குறிப்பிலும் போட்டுக்கொண்டார்.

அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாளே மண் கட்சி மாறியது. இருபதாம் வீட்டிலிருந்து பதிமூன்றாம் வீடு வரை தொண்ணூறு. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை நூற்று முப்பது. ஏற்கனவே ஃபேன் வாங்கியவர்களுக்கு ஏறிவிட்டது, வாங்காதவர்களுக்கு இறங்கிவிட்டது. அந்த வாரம் மேற்கிலும் எட்டு ஃபேன் சுற்றியது.

"பருவம் மாறுதுல்ல" என்றார் இயக்குநர், கொஞ்சமும் அசராமல். "விடாதீங்க. அடுத்த வாரத்துக்கு மிக்ஸி வைங்க. இருபது வீடும் ஒண்ணா இறங்கினாத்தான் மிக்ஸின்னு சொல்லிப் பாருங்க."

சொன்னார். அந்த வாரம் இருபது வீடும் ஒன்றாக இறங்கியது. எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூறு, எண்பத்தொன்பது. கொத்தனார் நூல் பிடித்துக் கல் வைத்ததுபோல வரிசையாக நின்றது.

கூத்தாடியிருக்க வேண்டிய இலை சார், மருந்துக்காரம்மா வீட்டுக்குப் போய் வந்தபின் பேயறைந்தவர்போல ஆகிவிட்டார். விஷயம் இதுதான். சிறுகுறிஞ்சான் கொடி மொட்டையாகிவிட்டது. இலை தந்தே பத்து நாளாயிற்று.

"அப்ப எல்லாரும் என்னத்தைக் குடிச்சாங்க?"

"ஒண்ணும் குடிக்கல சார். யாரும் வந்து கேக்கவும் இல்ல."

"ஆனா எல்லாருக்கும் இறங்கியிருக்கேம்மா."

"இலையே இல்லாம இறங்குதுன்னா அது என் மருந்து இல்ல. நீங்கதான் படிச்சவரு, என்னன்னு பாருங்க."

இலை சார் பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை கையைப் பிசைந்துகொண்டே வந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும், தூக்கம் போகும். பயந்த சுபாவமானாலும் நாணயமான மனிதர். மறுநாள் இயக்குநர் அறைக்குள் போய், உட்காராமலே சொல்லிவிட்டார்.

"சார், பத்து நாளா யாரும் கஷாயமே குடிக்கல. ஆனா அளவு ஏறல. ஆராய்ச்சியை நிறுத்திடலாம் சார். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்தார். இலை சார் கண்ணை மூடிக்கொண்டார். தோளில் ஒரு கை விழுந்தது.

"தப்பா? மருந்தை நிறுத்தியும் பலன் நிலைச்சு நிக்குதுய்யா. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் முப்பது வருஷமா இந்த நாற்காலியைத் தேச்சுக்கிட்டு இருக்கேன்."

"சார், நான் சொல்ல வந்தது..."

"நீங்க சொல்ல வந்ததை விழாவுல நான் சொல்லிக்கறேன்."

விழா அந்த ஊரிலேயே நடந்தது. பொதுக் கட்டடத்தில் பந்தல், மைக், வெளியூர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர். இருபது பேரும் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இருபது வீட்டுல ஒரே அளவு" என்று இயக்குநர் முழங்கினார். "ஒரே உடம்புல ஓடற ரத்தம் மாதிரி. உலகத்துல எந்த மருந்தும் இதைச் செஞ்சதில்ல. இனிமே இருபது வீடு இல்ல, சுத்துப்பட்டு ஊர் எல்லாம் சேர்த்து இருநூறு வீடு."

கைதட்டலுக்கு நடுவே நிரந்தர வேலைக்கான உத்தரவை இலை சார் கையில் கொடுத்தார். நல்ல கெட்டிக் காகிதம், சிவப்பு முத்திரை. உண்மையைச் சொல்லியும் வேலை கிடைத்திருக்கிறதே, அப்படியானால் எல்லாம் உண்மைதான் போலிருக்கிறது என்று அவர் மனசு மெல்லச் சமாதானமானது. பந்தலுக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஆயிடுச்சும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பாகிட்ட இப்பவே சொல்றேன். ஊருக்கே சொல்றேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். பால்காரர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து நின்றார்.

"சார், இருநூறு வீடுன்னு சொன்னாரே, நிஜந்தானா?"

"நிஜந்தாண்ணே. அடுத்த வாரமே ஆரம்பம். ஏன், என்ன விஷயம்?"

"என்னால முடியாது சார். இந்த இருபது வீட்டுக்கு தினம் ரத்தம் குடுத்தே என் பத்து விரலும் புண்ணாயிடுச்சு, மீதி நூத்தியெண்பது வீட்டுக்கு வேற பால்காரரைப் பாத்துக்கோங்க."