நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை

பெண்டாட்டி ஒரே மெசேஜில் நாலு கேள்வி கேட்டால் மூணுக்குப் பதில் போட வேண்டும். நாலாவது தானாகச் செத்துப்போகும். பன்னிரண்டு வருஷ சம்சாரத்தில் பால்வண்ணநாதன் கண்டுபிடித்த மகா தத்துவம் இது. தென்காசி பூராவும் இதைச் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

ஆடிச் சாரல் ஆரம்பித்தது. மனைவி உமா மகேஸ்வரி கடையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குத்துக்கல்வலசை வீட்டில் இவர்தான் ராஜா. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஞானதுரையோடு பழைய குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, ஆசை தீரக் குளிக்க வேண்டும். மூணு வருஷத்து ஆசை! ஒவ்வொரு சீசனுக்கும் மாமியார் வீட்டு விசேஷம் ஒன்று முளைத்துக் கெடுத்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்தது.

"சாப்பிட்டீங்களா? மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா? கேஸ் சிலிண்டர் வந்துட்டா? நாளைக்கு என்ன சோலி?"

ஞானதுரை எட்டிப் பார்த்தான். "மாட்டுனியாலே! என்ன சொல்லப் போற?"

"பேசாமப் பாரு."

விரலைச் சொடுக்கிக்கொண்டு அடித்தார். "சாப்பிட்டேன். இட்லி அஞ்சு, தேங்காய்ச் சட்னி. செடிக்கு ரெண்டு வாளி ஊத்தினேன், நாலு மொட்டு விட்டிருக்கு. கேஸ் காலையிலயே வந்துட்டு."

"பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. எப்படி?" என்று போனை ஞானதுரையிடம் நீட்டினார்.

"யப்பா, பெரிய ஆளுதாம்லே நீ!"

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பழைய குற்றாலம். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு அருவியைப் பார்த்து ஓடுகிறார். எதிரே உமா மகேஸ்வரி! பின்னால் மாமியார், மச்சினன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். ஒரு வேன் நிறைய ஆள்.

"ஏட்டி, நீ எப்படி இங்கன?"

"நீங்கதான சொன்னீங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

"சாப்பிட்டீங்களான்னா 'ம்'முன்னு போடுத மனுஷன், சட்னி வரைக்கும் எழுதுனா எனக்குத் தெரியாதா? நீங்க எழுதுனதை நான் என்னைக்கு வாசிச்சேன்? விட்டதைத்தான் வாசிப்பேன். சாரல் அடிக்கு, ஞாயித்துக்கெழமை, சோலி என்னன்னா பதிலைக் காணும். மூணு வருஷமா பழைய குற்றாலம்னு பொலம்புத ஆளு வேற எங்க போவீங்க? அம்மாவும் குளிக்கணும்னு சொன்னா. வேனைப் பிடிச்சிட்டேன்."

ஞானதுரை சிரித்துக்கொண்டே அருவிக்குள் போய்விட்டான். துரோகி!

"மாப்பிள்ளை இருக்காவள்லா, பையெல்லாம் பத்திரமா இருக்கும்" என்றாள் மாமியார். பை, வாட்ச், கண்ணாடி, செல்போன் எல்லாம் ஓரமாக உட்கார்ந்த அவர் மடியில் வந்து விழுந்தன.

"குரங்கு தூக்கிட்டுப் போயிரும், அங்கன இங்கன நகராதீங்க. அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உமாவும் போனாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அருவியில் ஒரே கூச்சல், கும்மாளம். இவர் மேல் தேய்த்த எண்ணெய் காய்ந்தே போய்விட்டது. பொறுக்க முடியாமல், எண்ணெய்க் கையோடு தன் போனை எடுத்து உமாவுக்கு அடித்தார்: "எப்போ வாரே? நான் எப்போ குளிக்க?"

மடியிலிருந்த பைக்குள் 'டிங்' என்றது.