வழுக்காத பலகை

கராகோல் என்ற மலைநகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாய்க்கால் அளவை அலுவலகத்துக்கு டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘பணியாளர் உடல்நலத்தை முன்னிட்டுச் சனிக்கிழமை பனிச்சறுக்கு நடைபெறும். விருப்பமுள்ளோர் தவறாமல் வரவேண்டும். விருப்பமில்லாதோர் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்.’ பன்னிரண்டு பேருக்கும் விருப்பம் இருந்தது.

புதிய இயக்குநர் ஷாதிபெக் அல்மாத்தி நகரத்தில் பனிச்சறுக்குப் பலகை பழகி வந்தவர் என்று பேச்சு. முந்தையவர் சதுரங்கப் பிரியர். ஆறு வருஷம் அவரிடம் தோற்றோம். அதில் ஒரு சௌகரியம், உட்கார்ந்தபடியே தோற்கலாம், டீயும் வரும்.

இப்போது நின்றுகொண்டு தோற்க வேண்டும். மதகுப் பிரிவுத் தலைவர் நாற்காலி இலையுதிர் காலத்திலிருந்து காலி. அடுத்தது எர்மெக்தான் என்று எட்டு வருஷமாகச் சொல்கிறார்கள். எர்மெக் நான்தான். இயக்குநரை முந்தாமல் ஒரு தடவை மலையிறங்கிவிட்டால் போதும்.

சனிக்கிழமை, மலையடிவாரத்தில் பலகை வாடகைக் கடை வைத்திருக்கும் துர்சுனாய் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எடை எவ்வளவு?”

“எடை கிடக்கட்டும்க்கா. வழுக்காத பலகை இருக்கா?”

“வழுக்கத்தானே தம்பி வாடகைக்கு எடுக்கறாங்க?”

“இயக்குநரை முந்தக் கூடாது.”

“அப்ப நிறுத்தக் கத்துக்க.”

“அதுக்கு மூணு நாள் ஆகுமாம். எனக்கு இருக்கறது அரை மணி நேரம்.”

“காலையிலேர்ந்து பதினோரு பேர் இதையேதான் கேட்டாங்க. கீறல் விழுந்தது, மெழுகு போடாதது எல்லாம் தீர்ந்துபோச்சு. அடியில ஓட்டை விழுந்ததை உங்க துணை இயக்குநர் கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டுப் போனார். கணக்கர் பெர்மெத் முயல் படம் போட்ட குழந்தைப் பலகையை எடுத்துக்கிட்டா. இது ஒண்ணுதான் மிச்சம். நேத்துதான் மெழுகு போட்டேன், வழுக்கிக்கிட்டு ஓடும்.”

பலகை சரியாக என் தாடை உயரம். ஆரம்பக்காரனுக்கு ஏற்றபடி மெத்தென்று வளைந்தது. எந்தக் குறையும் இல்லை. புரட்டிப் புரட்டி ஒரு கீறலாவது இருக்குமா என்று தேடினேன்.

“திரும்பி நில்லு” என்று, பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்கும் என்று பார்க்க முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். இடது கால் முன்னால் போனது. “உனக்கு இடதுகால் முன்னாடி.”

“இயக்குநருக்கு எது?”

“அவரைத் தள்ள எனக்கென்ன பைத்தியமா? அவரே வலதுன்னார்.”

“எனக்கும் வலதே போடுங்க.”

“பலகை என் பொறுப்பு. பதவி உன் பொறுப்பு” என்று கால் வார்களை இடதுக்கே திருகி முடுக்கினாள்.

கம்பியில் தொங்கி மலையேறும் லிஃப்ட் எங்களை உச்சியில் இறக்கிவிட்டது. இயக்குநர் முன்னால் நின்றார். நாங்கள் பின்னால் வரிசையாகப் பனியில் உட்கார்ந்தோம்.

“ஏன் உட்கார்ந்துட்டீங்க? போங்க.”

“நீங்க முதல்லங்கய்யா” என்றார் துணை இயக்குநர்.

“நான் பனியோட தன்மையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

நாங்களும் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. இருபது நிமிஷம் பார்த்தோம்.

கால் மரத்துப்போகிறதே என்று நான் லேசாக எழுந்தேன். அவ்வளவுதான், பலகை கிளம்பிவிட்டது. “மன்னிக்கணும்யா” என்று கத்திக்கொண்டே இயக்குநரைக் கடந்தேன். நிறுத்தத் தெரியாததால் நேராகக் கீழே வந்து கடைக்கு முன்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தேன்.

“நல்லாத்தானே வந்தே” என்றாள் துர்சுனாய்.

“போச்சுக்கா.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு வருஷம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. மற்றவர்கள் மாலையில் பதவி வரிசைப்படி லிஃப்டில் இறங்கினார்கள்.

திங்கட்கிழமை ஆணை வந்தது. ‘சரிவின் உச்சியில் மாலைவரை ஓர் அங்குலமும் நகராதிருந்து, நிலைத்த மனப்பான்மையை வெளிப்படுத்திய பெர்மெத், மதகுப் பிரிவின் தலைவராக நியமிக்கப்படுகிறார்.’

“எப்படிக்கா?” என்று பெர்மெத்திடம் கேட்டேன்.

“கால் வாரை அவிழ்க்கத் தெரியல தம்பி.”

அடுத்த சனிக்கிழமை கடை திறக்க ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு நின்றிருந்தார். இயக்குநர்.

“இன்னிக்குத் துணை அமைச்சர் வர்றார் எர்மெக்” என்றார் மெல்ல. “அவரை முந்தாத மாதிரி ஒரு பலகை வேணும்.”

துர்சுனாய் கதவைத் திறந்தாள். “மோசமானதெல்லாம் நேத்தே போச்சு. துணை அமைச்சரோட ஆளுங்க வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. அவருக்கும் மேல யாரோ வர்றாங்களாம். மெழுகு போட்டது ஒண்ணுதான் இருக்கு. யாருக்கு?”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் இரண்டடி பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டேன்.

“ஐயாவுக்குக் கொடுங்கக்கா. பதவியில பெரியவர்.”