கரடி காரின் மைலேஜ்

ஒரு காட்டில் இரண்டு கார்கள் இருந்தன. சிங்கமும் இருந்தது, இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

ஒன்று, கரடி கோதண்டத்தின் பழைய கார். கனமான இரும்பு, அகலமான சீட்டு. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைக் கரடி தன் முகம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தது. மற்றது, நரி சதானந்தம் போன வாரம் வாங்கிய புதுக் கார். சீட்டைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் கவரை நரி இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் கார் பழசாகிவிடுமாம். எந்தக் கார் உசத்தி என்று இரண்டும் அடித்துக்கொண்டதில் காட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஒரு நாள் காலையில் முள்ளம்பன்றி செங்கமலத்துக்குப் பிரசவ வலி எடுத்தது. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். கணவன் மாசாணம் பதறிப்போய் நரியிடம் ஓடியது.

“ஏறச் சொல்லு. ஆனா சீட்டுக் கவர்ல ஒரு கீறல் விழக்கூடாது” என்றது நரி.

செங்கமலம் முள்ளம்பன்றி என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவசரத்தில் அதையெல்லாம் பேச முடியுமா? அது சீட்டில் படாமல் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியது. பாவம்.

புதுக் காரில் ஒரு விசேஷம். எதிரே மிருகம் வந்தால் தானாகவே நின்றுவிடும். கிளம்பியதும் முயல் வந்தது, நின்றது. வழியனுப்ப மான்கள் வந்தன, நின்றது. நரி எரிச்சலோடு இறங்கிப் போய் எல்லாரையும் விரட்டியது. திரையில் ‘எதிரே மிருகம்’ என்று நரியின் படமே வந்தது.

“இதுக்குத்தான் பழைய வண்டி வேணுங்கறது. அதுக்கு மிருகமும் தெரியாது, மனுஷனும் தெரியாது” என்று கரடி செங்கமலத்தைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகியது. கார் இருமியது. அவ்வளவுதான்.

“காலையில அப்படித்தான். கொஞ்சம் தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்.”

யானை வந்து தள்ளியது. மேட்டில் தள்ளியது, ஓடையில் தள்ளியது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கரடி மட்டும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தது.

வலி பொறுக்காமல் செங்கமலம் கத்தியது: “யானையண்ணே, என்னைத் தூக்கி முதுகுல வச்சுக்கிட்டு ஓடுங்களேன்!”

“சும்மா இரு” என்றது மாசாணம். “கார் இருக்கும்போது யானையில போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

யானைக்கும் அது நியாயமாகவே பட்டது. “பிரசவத்துக்குப் போற பொண்ணு கார்லதாம்மா போகணும்” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடியும் தள்ளியது.

கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் குட்டி பிறந்தது. தாயும் சேயும் நலம். யானை அங்கேயே சரிந்து படுத்துவிட்டது. அதற்கும் ஒரு கட்டில் கேட்டார்கள். அந்த அளவில் இல்லையாம்.

நரி நடந்தே வந்து சேர்ந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கரடி எல்லாரையும் கூப்பிட்டு பெட்ரோல் முள்ளைக் காட்டியது. கிளம்பும்போது நின்ற இடத்திலேயே அது நின்றது.

“மலையைத் தாண்டி வந்திருக்கோம். ஒரு சொட்டு குறையலை. எந்தப் புது வண்டி இந்த மைலேஜ் குடுக்கும்?”

நரி மறுவாரமே புதுக் காரை விற்றுவிட்டுப் பழைய கார் ஒன்றைத் தேட ஆரம்பித்தது. கூடவே, யானை எழுந்துவிட்டதா என்றும் விசாரித்தது.

நீதி: நல்ல மைலேஜ் வேண்டுமானால், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் உன் முகத்தை மட்டும் பார்.